அரிசியில் எழுதும் விரல்

விஜயதசமியன்று காலையில் கூத்தனூர் சரசுவதி கோயிலில் நிற்கவும் இடம் இராது. திருவாரூர் மாவட்டத்தில் பூந்தோட்டத்திற்கு அருகிலுள்ள அத்தலத்திற்கு ஒரத்தநாடு, மன்னார்குடி, கும்பகோணம் பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் குழந்தைகளுடன் வந்து சேர்கின்றன. வர இயலாதவர்கள் தத்தம் ஊர்க் கோயிலிலோ வீட்டுப் பூசையறையிலோ அதே சடங்கைச் செய்கின்றனர். மடியில் அமர்ந்திருக்கும் குழந்தையின் விரலைப் பெரியவர் ஒருவர் பிடித்து, தாம்பாளத்தில் பரப்பிய நெல்லிலோ பச்சரிசியிலோ முதல் எழுத்தை எழுதுவிக்கிறார். அங்கே எழுதுகோலும் இல்லை, தாளும் இல்லை. விரலும் தானியமும் மட்டுமே உள்ளன.

அரிசி திருமகளின் வடிவம் என்பதால் அவ்வாறு செய்கிறோம் என்று பெரியோர் கூறுவர். அது மரபு. அதனுள் இன்னொரு நன்மையும் அடங்கியிருக்கிறது. விரல் அழுந்தும்போது தானியம் விலகுகிறது; விலகும்போது ஏற்படும் சிறு தடை விரல் நுனியில் உறைக்கிறது. எழுத்தின் வளைவு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பதைக் கண்ணோடு சேர்ந்து கையும் தோளும் உணர்கின்றன. அதே வேளையில் வாய் அந்த ஒலியைச் சொல்கிறது, காது கேட்கிறது. குழந்தை முதலில் உடம்பால் கற்கிறது, அதன் பின்னரே ஏட்டால் கற்கிறது என்னும் உண்மை அச்சிறு சடங்கிலேயே இருக்கிறது.

ஆனால் சடங்கு முடிந்த சில நாள்களிலேயே பல வீடுகளில் இது மறந்துபோகிறது. மூன்று வயதோ மூன்றரை வயதோ ஆன குழந்தை காலையில் எல்.கே.ஜி. வேனில் ஏறுகிறது, மாலையில் நான்கு கோட்டு நோட்டும் பென்சிலும் வீட்டுப்பாடமுமாக இறங்குகிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில் அந்த வீட்டுப்பாடம் தாத்தா பாட்டியின் பொறுப்பாகிறது. குழந்தை அழுகிறது, பென்சிலை எறிகிறது, நான்காவது வரியில் எழுத்து கோட்டை விட்டு ஓடுகிறது. "அடுத்த வீட்டுப் பிள்ளை நூறு வரை எழுதுகிறது, நம் பிள்ளைக்கு 'அ'னாவே வரவில்லையே, மந்தமாக இருக்குமோ?" என்னும் கவலை பாட்டியின் மனத்தில் புகுந்துவிடுகிறது. அக்கவலை வேண்டியதுதானா என்பதற்குரிய விடை, அப்பாட்டி தம் தாயிடமிருந்து கற்றவற்றிலேயே பெரும்பாலும் இருக்கிறது.

பிள்ளைத்தமிழ் காட்டும் வரிசை

கூத்தனூர் என்னும் பெயர் ஒட்டக்கூத்தரைக் குறிப்பது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் அவையிலும் விளங்கிய அப்புலவருக்குச் சோழ மன்னன் அளித்த ஊர் அது என்பது மரபு. இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் முற்பட்டது அவர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழே. அவருக்கு முன்பே பெரியாழ்வார் கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் படிப்படியாகப் பாடி அந்நெறிக்கு வித்திட்டிருந்தார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மை மீதும் வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமார சுவாமி மீதும் பிள்ளைத்தமிழ் பாடினார்.

அந்நூல்களின் பத்துப் பருவங்களைக் குழந்தை வளர்ச்சியின் அட்டவணையாகவும் படிக்கலாம். தெய்வத்தின் காவலை வேண்டும் காப்புப் பருவம் முதலாவது. அடுத்தது செங்கீரை. ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் குழந்தை இரு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடுவதை அது பாடும். அதன்பின் நாவசையத் தாலாட்டுக் கேட்கும் தாற்பருவம். ஒன்பதாம் மாதமளவில், உட்கார்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணிப் பருவம். பிறகு முத்தம். ஓராண்டு நிறையும் காலத்தில், தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவம். அதற்கு மேல் நிலவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவம். இறுதி மூன்றும் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என அமையும். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என வரும்.

இவ்வரிசையை இன்றைய மருத்துவ நூல்களோடு ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, குழந்தை தானாக உட்காருவது ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்திற்குள்; தனியே நடப்பது ஏறத்தாழ 8 முதல் 18 மாதத்திற்குள். அதே நிறுவனம் 2019-இல் வகுத்த நெறிமுறை, தவழத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும் வேளையில் நாளொன்றுக்கு மொத்தம் அரைமணி நேரமாவது குப்புறக் கிடத்தி விளையாடவிட வேண்டும் என்கிறது. செங்கீரை ஆடுவதற்குரிய பயிற்சி அதுவே. கழுத்தும் முதுகும் தோளும் உறுதி பெற்றால்தான் குழந்தை உட்காரும்; உட்கார்ந்தால்தான் இரு கைகளும் விடுபடும்; விடுபட்ட கைகள்தாம் பொருளைப் பற்றி, திருப்பி, தட்டி, அதன் இயல்பை அறியும்.

அம்புலிப் பருவத்தில் உடலோடு மனமும் வளர்ந்து நிற்கிறது. கைக்கு எட்டாத ஒன்றைக் குழந்தை சுட்டிக்காட்டுகிறது. தான் காண்பதைத் தாயும் காண வேண்டும் என விரும்புகிறது. பேச்சிற்கு வாயில் அதுதான். சிற்றில் கட்டும்போது கற்பனை வருகிறது. சிறுபறை கொட்டும்போது இரு கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. அம்மானை ஆடும்போது கண்ணும் கையும் ஒன்றுபடுகின்றன.

பத்துப் பருவங்களுள் எழுதும் பருவம் என்று ஒன்று இல்லை. உலகன்னையாகிய மீனாட்சியைக் குழந்தையாகப் பாடிய குமரகுருபரரும் அவள் கையில் அம்மானைக் காயைக் கொடுத்து, அவளை ஊசலில் ஏற்றி அழகு பார்த்தாரே ஒழிய, எழுத்தாணி கொடுக்கவில்லை.

மணிக்கட்டின் கணக்கு

எழுத்து அவசரப்படக் கூடாது என்பதற்கு உடலிலேயே சான்று உண்டு. மணிக்கட்டில் சிறு எலும்புகள் 8 உள்ளன. குழந்தை பிறக்கும்போது அவை அனைத்தும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. மூன்று வயதளவில் இரண்டு அல்லது மூன்று மட்டுமே எலும்பாகத் தொடங்கியிருக்கும். ஆறு வயதை ஒட்டி ஏழாகும். எட்டாவது எலும்பு தொடங்க 8 முதல் 12 வயது வரை ஆகும். பென்சிலைக் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் என்னும் மூன்றால் இலகுவாகப் பிடித்து, தோளை அசைக்காமல் விரல்களை மட்டும் அசைக்கும் திறன் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதிலிருந்து ஆறு வயதுக்குள்தான் படிகிறது. அதற்கு முன் குழந்தை முழுக் கையாலும் பென்சிலைப் பற்றிக்கொண்டு தோளிலிருந்து எழுதுகிறது. நான்கு கோட்டுக்குள் எழுத்து அடங்காமல் ஓடுவதற்குக் காரணம் மந்தமும் அன்று, பிடிவாதமும் அன்று. கை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

காவிரிப் பாசனத்தில் வாழ்ந்த எவருக்கும் நாற்றின் வயதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. குறுவை நாற்றுக்கு ஒரு வயது, நெடுநாள் சம்பா நாற்றுக்கு வேறொரு வயது. வேர் பிடிக்காத நாற்றை முன்கூட்டிப் பறித்து நட்டால் பயிர் முந்திவிடாது. இக்கணக்கை வயலில் பிழையின்றிப் போடும் அதே குடும்பம், பேரக்குழந்தை மட்டும் முந்த வேண்டும் என்று எண்ணுவது விந்தையே.

அவ்வாறாயின் மூன்று வயதில் கைக்கு என்ன வேலை கொடுப்பது? வீட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. சப்பாத்தி மாவைப் பிசைதல், பட்டாணி உரித்தல், வெண்டைக்காயைத் துணியால் துடைத்தல், துவைத்த சிறு துணிகளைப் பிழிதல், குவளையிலிருந்து குவளைக்கு நீர் ஊற்றுதல் ஆகியவற்றால் உள்ளங்கையும் மணிக்கட்டும் வலுப்பெறும். உதிரிப்பூவை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவாமி படத்தின் முன் வைத்தல், உண்டியல் துளையில் காசு இடுதல் ஆகியவற்றால் விரல் நுனிகள் கூர்மை பெறும். பாட்டி வாசலில் கோலமிடும்போது பக்கத்தில் அமர்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே மாவைக் கிள்ளி எடுத்து ஒரு புள்ளி வைக்கும் குழந்தை, பென்சிலைப் பிடிக்க வேண்டிய அதே விரல்களுக்குத்தான் பயிற்சி அளிக்கிறது.

கைக்குழந்தைக்கும் இத்தகைய விளையாட்டு மரபிலேயே உண்டு. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, ஐந்து விரல்களுக்கும் உறவினர் பெயர் சூட்டிச் சோறூட்டி, பிறகு நண்டும் நரியும் ஏறி வருவதாகத் தோள் வரை விரலை ஓட்டுவார்கள் பாட்டிமார். விரல்கள் ஐந்து என்பதும், ஒவ்வொன்றும் தனித்தனி என்பதும், அடுத்து என்ன வரப்போகிறது என்று எதிர்பார்ப்பதும் அந்தச் சிரிப்பினூடே குழந்தைக்குள் சென்றுவிடுகின்றன.

முக்தாம்பாள் சத்திரமும் மணலெழுத்தும்

ஒரத்தநாட்டிற்கு முக்தாம்பாள்புரம் என்னும் பழம்பெயர் உண்டு. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் முக்தாம்பாள் பெயரால் அங்கே பெரிய சத்திரம் ஒன்றை எழுப்பினார். இராமேசுவர யாத்திரிகர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்த அச்சத்திரத்தில் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் அளிக்கப்பட்டது.

தஞ்சைச் சத்திரங்களில் நடைபெறும் அறங்களை விளக்கி 1801-இல் சரபோஜி மன்னர் ஆங்கில ரெசிடெண்டுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். சத்திரத்தில் ஆதரவற்று நிற்கும் குழந்தைகள் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்படுகின்றனர், அவர்களுக்கு நாளும் மூன்று வேளை உணவு, நான்கு நாள்களுக்கு ஒருமுறை எண்ணெய், வேண்டும்போது மருந்து, உடை, அவர்கள் எந்தக் கல்வியை விரும்புகிறார்களோ அக்கல்வி என்று அதில் கூறுகிறார். உணவு, எண்ணெய், மருந்து, உடை, பிறகு கல்வி என்னும் அவ்வரிசை கருதத்தக்கது. முதலில் உடல் பேணப்பட்டது. கல்வியும் குழந்தையின் விருப்பத்தை ஒட்டி வந்தது.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் தொடக்கப் பாடம் மணலில்தான். தரையில் மணலைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்தை எழுதுவித்து, ஒலியை உரக்கச் சொல்லச் செய்வர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களைப் பயிற்றுவிப்பான். மணலில் கை தேர்ந்த பின்பே பனையோலையும் எழுத்தாணியும் வரும்.

இம்மணலெழுத்து கடல் கடந்தும் சென்றது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்தினார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையும் அவருடைய இல்லத்தில் அமைந்தது. தாயகம் திரும்பி 1797-இல் அதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் அளித்த பொருளால் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றே வழங்குகிறது.

நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே சென்னைக்கு மரியா மாண்டிசோரி அம்மையார் வந்தார். இத்தாலிய மருத்துவராகிய அவர் 1907-இல் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குழந்தைகளுக்காகத் தொடங்கிய இல்லத்தில், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிக் கற்கும்படி செய்தவர். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்தார். போர்க்காலத்தில் நாடு திரும்ப இயலாமல் 1946 வரை இந்தியாவில் இருந்தார். அடையாற்றிலும் கொடைக்கானலிலும் அவர் வாழ்ந்த ஆண்டுகளில் இந்திய ஆசிரியர்கள் பலர் அவரிடம் பயிற்சி பெற்றனர். கையே அறிவின் கருவி என்பது அவர் போதனையின் அடிநாதம்.

மூளையைப் படமெடுத்துக் காணும் இக்காலத்திலும் அதுவே உறுதிப்படுகிறது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் எழுத்தறியாத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2012-இல் வெளியாயிற்று. எழுத்தைத் தாமே கையால் எழுதிப் பழகிய பிறகு, அவ்வெழுத்தைக் காணும்போது வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் விழித்தெழுந்தன. விசைப்பலகையைத் தட்டியபோதோ, புள்ளிக்கோட்டின் மேல் எழுதியபோதோ அந்த அளவுக்கு எழவில்லை. குழந்தை தானாக எழுதும் கோணல் எழுத்துக்கு உள்ள மதிப்பு இதனால் விளங்கும். உடலசைவை மட்டும் ஆள்வதாகக் கருதப்பட்ட சிறுமூளையும், சிந்தனையை ஆளும் முன்மூளையும் ஒன்றோடொன்று இணைந்தே இயங்குகின்றன என்பதை அடீல் டயமண்ட் என்னும் ஆய்வாளர் 2000-இல் விரிவாக எடுத்துக்காட்டினார்.

ஆடும் காலும் எண்ணும் மனமும்

பள்ளிப் பாடத்திற்கு அடித்தளமாகும் சிந்தனைத் திறன்கள் என்று குழந்தை உளவியலார் மூன்றைக் கூறுவர். சொன்னதை மனத்தில் நிறுத்திச் செயற்படுதல் ஒன்று. உந்துதலை அடக்கிக் காத்திருத்தல் மற்றொன்று. நிலைமை மாறினால் தானும் மாறிக்கொள்ளுதல் மூன்றாவது. இம்மூன்றும் இல்லாமல் எழுத்துகளை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தை, வகுப்பில் ஆசிரியை இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் திகைத்து நிற்கும்.

தெருவில் ஆடும் பாண்டியாட்டம் இம்மூன்றையும் பழக்குகிறது. சில்லு விழுந்த கட்டத்தை மிதிக்கக் கூடாது என்னும் விதியை நினைவில் வைக்க வேண்டும். கோட்டில் கால் படாமல் அடக்க வேண்டும். அடுத்த முறை சில்லு வேறு கட்டத்தில் விழுந்தால் தாண்டும் இடத்தை மாற்ற வேண்டும். நான்கு வயதளவில் குழந்தை ஒற்றைக் காலில் நொண்டப் பழகும். அதற்கு இளைய குழந்தை இரு கால்களாலும் கட்டம் கட்டமாகக் குதித்தாலே போதும்.

எண்ணறிவிற்குப் பல்லாங்குழி. நூறு வரை ஒப்பிக்கும் மூன்று வயதுக் குழந்தையிடம் "நான்கு புளியங்கொட்டை கொடு" என்று கேட்டால் ஒரு பிடி அள்ளிக் கொடுக்கும். எண்களின் பெயர்களை அறிவது வேறு. நான்கு என்பது எவ்வளவு என்று அறிவது வேறு. பல்லாங்குழியில் 14 குழிகள். குழிக்கு ஐந்தாக இட்டால் மொத்தம் 70 காய்கள். ஒரு குழியிலிருந்து அள்ளியவற்றை அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும்போது, ஓர் எண்ணுக்கு ஒரு பொருள் என்பது விரலில் பதிகிறது. குழியில் நான்கு சேர்ந்து 'பசு' ஆனதும் எடுத்துக்கொள்ளும் குழந்தை, நான்கு என்பதை எண்ணாமலே கண்டுகொள்கிறது. ஆட்ட விதி முழுவதும் ஐந்து வயதுக்கு மேல் வரட்டும். அதற்கு முன் குழிக்கு ஒன்றாக இடுவதே போதிய ஆட்டம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் சிறு காய்களை வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்வார்கள் ஆதலால், அவர்கள் கையில் புளியங்கொட்டையையும் மஞ்சாடியையும் தரலாகாது.

கோலத்திலும் கணக்கு உண்டு. புள்ளி வரிசையை எண்ணி வைத்து, இடப்புறம் இட்ட வளைவை வலப்புறமும் இட்டு, தொடங்கிய இடத்திலேயே கோட்டை முடிக்கும் அக்கலையில் ஒளிந்துள்ள ஒழுங்கைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி முதலானோர் 1970-களில் கணிதமாக ஆராய்ந்தனர். கணினி அறிவியலில் அவ்வாய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

கோயிலும் சிறந்த பயிற்சிக்களம்தான். நவக்கிரகத்தை ஒன்பது முறை வலம்வரும்போது, குழந்தையின் கையில் ஒன்பது பூக்களைக் கொடுத்து, சுற்றுக்கு ஒன்றாக ஓரிடத்தில் வைக்கச் சொல்லலாம். பூ தீர்ந்தால் சுற்றும் முடிந்தது. படியேறுதல், தாழ்வான நிலைப்படியைத் தாண்டுதல், பிறர் மேல் மோதாமல் நடத்தல், தீபாராதனை முடியும் வரை நிற்றல், பிரசாதத்தை ஒருவருக்கு ஒன்றாக வழங்குதல் ஆகியவை உடலும் மனமும் ஒன்றாகும் பாடங்கள். பிள்ளையார் முன் எண்ணிக்கொண்டே போடும் தோப்புக்கரணமும் அத்தகையது. அதனால் மூளை பன்மடங்கு வளரும் என்று பரப்பப்படும் பெரிய கூற்றுகளை நம்ப வேண்டியதில்லை. இடக்கையால் வலக்காதையும் வலக்கையால் இடக்காதையும் பற்றி, விழாமல் அமர்ந்தெழுந்து, எண்ணையும் தவறவிடாதிருப்பதே ஒரு குழந்தைக்குப் போதுமான சாதனை.

அரசின் பாடத்திட்டங்களும் இத்திசையிலேயே செல்கின்றன. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகளில், தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டம் நடைபெறுகிறது. மூன்று முதல் எட்டு வயது வரையிலான கல்விக்கென 2022-இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, தைத்திரீய உபநிடதம் கூறும் ஐந்து கோசங்களை எடுத்துக்காட்டுகிறது. அன்னமயம், பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம், ஆனந்தமயம் என்னும் அவ்வரிசையில் உடலே முதற்படி.

காத்திருக்கலாம், எதுவரை?

அவசரப்படலாகாது என்பது ஒரு பாதி. கவனியாதிருக்கலாகாது என்பது மறுபாதி. பேரக்குழந்தை பேசத் தாமதித்தால், "குமரகுருபரரே ஐந்து வயது வரை பேசவில்லை, திருச்செந்தூர் முருகன் அருளால் பேசினார், இவனும் பேசுவான்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. அவ்வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். அவருடைய பெற்றோர் ஸ்ரீவைகுண்டத்து வீட்டிலேயே காத்துக்கொண்டிருக்கவில்லை. கவலையுற்று, குழந்தையை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் சென்று சந்நிதியில் கிடந்தனர். தம்மால் இயன்றதை அவர்கள் காலம் தாழ்த்தாமல் செய்தனர்.

ஓராண்டு ஆகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் நடவாமை, விரலால் எதையும் சுட்டிக்காட்டாமை, பொருளுள்ள சொல் ஒன்றேனும் சொல்லாமை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, முன்பு பேசிய சொல்லையும் செய்த செயலையும் இழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். செவித்திறனையும் சோதிக்க வேண்டும். தவழாமலே நடந்துவிடும் குழந்தைகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. ஆகவே தவழாமை ஒன்றை மட்டும் கண்டு அஞ்ச வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக் குழந்தைகளை மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை சோதிக்கின்றனர். மேற்கொண்டு கவனிக்க மாவட்ட அளவில் இடையீட்டு மையங்கள் உள்ளன. அங்கே கட்டணம் இல்லை. முருகனை வேண்டுவதும் மருத்துவரை நாடுவதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. மூளை விரைந்து வளரும் முதல் ஆண்டுகளில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் மிகுதி.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். சோறூட்டும் வேளையில் அதைக் காட்டினால் குழந்தை வாயைத் திறக்கிறது என்பது உண்மை. ஆனால் அப்போது கையும் காலும் நாவும் ஓய்ந்துவிடுகின்றன. ஒரு வயது வரையுள்ள குழந்தைக்குத் திரையே கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒருமணி நேரத்திற்கு மேல் கூடாது. குறைந்தால் மேலும் நல்லது என்று 2019-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாளில் மூன்று மணி நேரமாவது உடலசைந்து விளையாட வேண்டும். அதில் ஒருமணி நேரமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும். 10 முதல் 13 மணி நேரம் உறங்க வேண்டும் என்றும் அது வகுக்கிறது.

மூட்டுவலியோடு குழந்தையின் பின்னால் ஓட இயலுமா என்று மூத்தோர் கேட்கலாம். ஓட வேண்டியதில்லை. மாலையில் கோயில் வெளித்திருச்சுற்றிலோ தெருத் திண்ணையிலோ அமர்ந்துகொண்டு, "அந்தத் தூண் வரை போய் வா, போகும்போது நடந்து போ, வரும்போது குதித்து வா" என்று சொன்னாலே குழந்தையின் காலுக்கும் நினைவுக்கும் வேலை கிடைத்துவிடும். வீட்டுப்பாட நோட்டு திறக்கப்படும்போது, அதற்கு முன் பத்து நிமிடம் மாவு பிசையவோ தாம்பாள அரிசியில் எழுதவோ விடலாம். கை சோர்ந்தால் நிறுத்திவிடலாம். மூன்று வயதுக் குழந்தைக்குப் பக்கம் பக்கமாக எழுத்துவேலை வந்தால், தாத்தாவே ஒருநாள் பள்ளிக்குச் சென்று ஆசிரியையிடம், "அம்மா, இவ்வாண்டு எழுத்தைக் குறைத்து விளையாட்டைக் கூட்டுங்கள்" என்று பணிவாகக் கேட்கலாம். பெற்றோர் கேட்கத் தயங்கும் அக்கேள்வியை நரைத்த தலை கேட்டால் யாரும் தவறாகக் கொள்ளமாட்டார்கள். கேட்டுவிட்டு வரும் வழியில், பேரக்குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தே வரட்டும். வழியில் எத்தனை படி, எத்தனை மரம் என்று குழந்தையே எண்ணிச் சொல்லட்டும்.